நாலு விரற்கடை

மூடவும் மாட்டேன் திறக்கவும் மாட்டேனென்று
நாலு விரற்கடையில் நின்றுவிட்டது
வண்டியின் கூரைக் கண்ணாடி.
பொத்தானை அழுத்தினால்
உள்ளே எங்கோ மோட்டார் மட்டும் முனகுகிறது,
பள்ளிக்கு எழுப்பும்போது என் மகன் முனகுவதைப்போல.

கம்பெனியில் காட்டினேன்.
மேலே மொத்தமாக மாற்றணும் சார்,
தொண்ணூற்றிரண்டாயிரம், வரி தனி
என்றார்கள், ஏசி அறையில் டீயும் கொடுத்து.
ஒரு முகூர்த்தத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு வாங்குகிறவன் நான்.
அதிலும் டீசல் என்னுடையது.
டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சன்ரூஃப் இல்லாவிட்டால் இது வெறும் வெள்ளை வண்டி.
பெருந்துறையோ அவிநாசியோ
எந்த மண்டபமானாலும்
மாப்பிள்ளை இடுப்புக்குமேல் எழுந்து நின்று வரவேண்டும்,
செண்டை முழங்க, டிரோன் தலைக்குமேல் சுற்ற.
அதற்குத்தான் காசு.

உக்கடத்தில் கமர்தீனைப் பாருங்கள் என்றார்கள்.
பாலிதீன் தாளை டேப் போட்டு ஒட்டியிருந்தேன்.
ஒரு சுற்றுச் சுற்றி வந்து
"பஞ்சர் ஒட்டின வானமாட்ட இருக்குதுங்" என்று சிரித்தார்.
புரட்டாசி, கல்யாணமில்லாத மாதம்.
சிரிக்க எனக்கும் நேரமிருந்தது.

உள்கூரைத் துணியைக் கழற்றித் தொங்கவிட்டதும்
வண்டி
டாக்டர் முன்னால் சட்டையில்லாமல் உட்கார்ந்த
ஆளைப்போல் ஆகிவிட்டது.
டார்ச் அடித்துத் தண்டவாளத்தைத் துழாவினார்.
கிடைத்ததையெல்லாம் செய்தித்தாளில் வைத்தார்.
மஞ்சள் அரிசி.
கறுத்துச் சுருண்ட ரோஜா இதழ்கள், மினுமினுப்புக் காகிதம்.
திருப்பூர்க் காற்றின் பஞ்சு,
ஊறி உருண்டு எலிக்குஞ்சுபோல.
கடைசியாக, வளைந்த ஒரு கொண்டை ஊசி.
"இதுதானுங் சிக்கி, கட்டையை ஒடைச்சிருக்குது."

ஆவணி கடைசி முகூர்த்தம்.
வரவேற்பு முடிந்து, செங்கப்பள்ளி தாண்டி,
ராத்திரி ஒன்றரை மணி.
மாப்பிள்ளை வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.
"அண்ணா, அதைக் கொஞ்சம் திறங்களே" என்றாள் அந்தப் பொண்ணு.
சாயங்காலம் முழுக்க அவர்தான் நின்று வந்தார்.
இப்போது அவள் எழுந்து நின்றாள்.
உள்கண்ணாடியில் எனக்குப் புடவைக் கரை மட்டும் தெரிந்தது.
எண்பதிலிருந்து நாற்பதுக்கு இறங்கினேன்.
ஹாரன் அடித்துத் தாண்டிய லாரிக்கு
அவளும் பதிலுக்கு ஒரு சத்தம் போட்டாள்.
சொல் இல்லை. சத்தம்தான்.
பெருமாநல்லூர் வரைக்கும் அப்படியே வந்தாள்.
பிறகு உட்கார்ந்து, கலைந்த கொண்டையைத் தடவிப் பார்த்து
"மூடிக்கலாங்ண்ணா" என்றாள்.
மூடவில்லை.
"இருக்கட்டும் விடுங்."
வீடு வரும்வரை
அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இதைக் கமர்தீனிடம் நான் சொல்லவில்லை.

நகத்தளவு பிளாஸ்டிக்தான் உடைந்திருந்தது.
கணபதியில் ஒரு லேத்துக்குப் பையனை அனுப்பினார்.
நைலானில் கடைந்து, அராவி, காகிதத்தில் மடித்து வந்தது,
இட்லி மாவு வெள்ளையில்.
முந்நூற்றைம்பது ரூபாய்.

கிரீஸ் தடவிப் பொருத்தி அழுத்தினால்
டிபன் டப்பா மூடுகிற சத்தத்தோடு
ரப்பரில் போய் உட்கார்ந்தது கண்ணாடி.
ஒரு குடம் தண்ணீரைக் கூரைமேல் ஊற்றினார்.
நாலு மூலைக் குழாயில் மூன்றில் இறங்கிற்று.
நாலாவதை சைக்கிள் பம்பால் ஊதினார்.
முன்சக்கரத்துப் பக்கம் மஞ்சளாகக் கொட்டியது.
எத்தனை கல்யாணத்து மஞ்சளோ.
பையன் செய்தித்தாளைச் சுருட்டி எறிந்தான்.
ஊசியை நான் கேட்கவில்லை.

அதற்குள் காங்கேயத்துக்காரர் கூப்பிட்டார்,
ஐப்பசி முதல் முகூர்த்தத்துக்கு.
"ஏனுங், மேலே தெறக்குமில்லீங்?"
"தெறக்குமுங்."
ஏழு வருஷத்தில் ஒருத்தர்கூட
மூடுமா என்று கேட்டதில்லை.

மேற்கே பாலக்காட்டுப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.
மூடிக்கொண்டுதான் கிளம்பினேன்.
சூலூர் தாண்டி, பின்னால் திரும்பிப் பார்த்து,
யாருமில்லாத சீட்டுக்கு மேலே
திறந்துவிட்டேன்,
நாலு விரற்கடை.